கருவிழி விளிம்பின் ஸ்டெம் செல்கள்: ஓர் அறிதலின் வரலாறும் மதுரை ஆய்வுகளும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஆமத்தூர் வட்டாரத்தில் பட்டாசு மருந்து வெடித்துக் கண்ணில் பட்ட தொழிலாளி ஒருவரின் கருவிழி மீண்டும் தெளியுமா என்பது, புண் கருவிழியின் நடுப்பகுதியில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டிலும், கருவிழியைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வளையமாக அமைந்திருக்கும் விளிம்பில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. கண் மருத்துவர்கள் லிம்பஸ் என்று குறிப்பிடும் இவ்விளிம்பில்தான் கருவிழியின் மேற்படலத்தை வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் உறைகின்றன. இன்று மருத்துவ மாணவர்களின் பாடநூலில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இச்செய்தி உறுதிப்பட 19ஆம் நூற்றாண்டின் செல் கொள்கை தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அதன் பின்னர், அச்செல்களை மற்றவற்றிலிருந்து பிரித்து அடையாளம் காண்பதற்கான முறையொன்று ஆமத்தூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில் உருவாயிற்று. ஸ்டெம் செல் அறிவின் வரலாறு, அடிப்படையில், அவை திசுவில் எங்கே இருக்கின்றன, எதனால் அவற்றை அறியலாம் என்ற இரு கேள்விகளின் வரலாறே என்பதையும், அவ்விரு கேள்விகளுக்கும் மிகத் தெளிவான விடை கிடைத்த இடங்களுள் கருவிழி ஒன்று என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

செல்லும் அதன் தனித்தொழிலும்

தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று 1838இல் மத்தியாஸ் ஷ்லைடனும், விலங்குகளுக்கும் அதுவே பொருந்தும் என்று 1839இல் தியோடர் ஷ்வானும் எழுதியபோது, புதிய செல்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதில் இருவருக்குமே தவறான கருத்து இருந்தது. செல்களுக்குள்ளோ வெளியிலோ உள்ள ஒரு கூழிலிருந்து அவை படிகம்போல் திரண்டு உருவாவதாக அவர்கள் கருதினர். ஒவ்வொரு செல்லும் முன்னிருந்த ஒரு செல்லின் பிரிவினால் மட்டுமே பிறக்கிறது என்ற கருத்தை ராபர்ட் ரேமாக் முன்வைக்க, 1850களில் ருடால்ஃப் ஃபிர்கோ அதை மருத்துவ உலகம் ஏற்கும்படி செய்தார். ஸ்டெம் செல் பற்றிய கேள்வி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிறக்கிறது எனலாம். செல்லிலிருந்துதான் செல் பிறக்க வேண்டும் என்றால், அன்றாடம் உதிர்ந்து அழியும் தோலுக்கும் குருதிக்கும் கருவிழிக்கும் ஈடுசெய்யும் செல்கள் எவற்றிலிருந்து பிறக்கின்றன என்பதை விளக்கியாக வேண்டும்.

கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்து தோன்றும் மனித உடலில் இருநூறுக்கும் மேற்பட்ட செல் வகைகள் உள்ளன. குருதிச் சிவப்பணு ஹீமோகுளோபினால் நிறைந்து உட்கருவையே இழந்துவிடுகிறது; நரம்புச் செல் நீண்ட இழையாக நீள்கிறது; கண் வில்லையின் இழைச் செல்லோ கிரிஸ்டலின் என்னும் புரதங்களைச் செறிவாக நிரப்பிக்கொண்டு, ஒளி தடையின்றிச் செல்லும் பொருட்டு உட்கரு முதலிய உள்ளுறுப்புகளைத் துறந்துவிடுகிறது. உட்கரு உள்ள வரையில் இச்செல்கள் அனைத்தும் ஒரே டி.என்.ஏ. தொகுதியைத்தான் கொண்டிருக்கின்றன, எந்த மரபணுக்கள் செயல்படுகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. இவ்வாறு ஒரு செல் குறிப்பிட்ட பணிக்கென வடிவத்திலும் வேதிப்பொருளிலும் மாறி அமைவதே செல் சிறப்படைதல் எனப்படுகிறது. முழுமையாகச் சிறப்படைந்த செல்களுள் பல, மீண்டும் பிரியும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. எனவே, சிறப்படையாமல் இருந்துகொண்டு, பிரியும்போது தன்னைப் போன்ற செல்லையும் சிறப்படையப் போகும் செல்லையும் தரவல்ல ஓர் இருப்பு திசுவில் இருந்தாக வேண்டும். அந்த இருப்பே தமிழ்ப் பாடநூல்களில் குருத்தணு என்றும் பொது வழக்கில் ஸ்டெம் செல் என்றும் வழங்குவது.

இச்சொல்லை ஜெர்மன் மொழியில் 1868இல் முதலில் பயன்படுத்திய எர்ன்ஸ்ட் ஹெக்கல், உயிர்க்குலம் முழுமைக்கும் மூதாதையான ஒற்றைச் செல்லைக் குறிக்கவே அதனைக் கையாண்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் திசுவியலாளர் அலெக்சாந்தர் மக்சீமோவ் குருதியின் பல்வகை அணுக்களுக்கும் ஒரு பொதுத் தாய்ச் செல் உண்டு என்று வாதிட்டபின், 1961இல் கனடாவின் டொரான்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் கதிர்வீச்சுக்கு உட்பட்ட எலிகளுக்கு எலும்பு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தி, மண்ணீரலில் தோன்றிய திரள்களை எண்ணி, அத்தகைய செல்கள் இருப்பதை அளவிடத்தக்க முறையில் காட்டினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் மம்மன் சாண்டி தலைமையில் தலசீமியா நோய்க்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது இவ்வறிவின் நேரடிப் பயனே. 1998இல் மனிதக் கருமுளை ஸ்டெம் செல்களும், 2006இல் சின்யா யமானகா உருவாக்கிய, சிறப்படைந்த நிலையிலிருந்து மீட்கப்பட்ட செல்களும் பெரும் புகழ் பெற்றிருப்பினும், இக்கட்டுரையின் பொருளுக்கு அவை நேரடித் தொடர்பற்றவை. இங்கே கருதப்படுவன பிறந்தபின் திசுவிலேயே தங்கி, அத்திசுவை மட்டும் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களே.

விளிம்பைக் கண்டடைந்த வரலாறு

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் அமைந்த ஒளி ஊடுருவும் உறையே, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை என்று மருத்துவமனைகளில் கூறும்போது குறிக்கப்படும் கருவிழி. ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் அகலமும், நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இதன் மேற்புறத்தில் ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் ஒன்று உள்ளது. குருதி நாளங்கள் அற்ற இப்படலத்தின் மேலடுக்குச் செல்கள் இமைத்தலாலும் உராய்வாலும் ஓயாது உதிர, ஏழு முதல் பத்து நாள்களுக்குள் படலம் முழுவதும் புதிதாகிவிடுகிறது. கருவிழிக்கு அப்பால் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் வெண்படலமோ நாளங்கள் நிறைந்தது. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையே லிம்பஸ்.

அந்த எல்லையில் ஆரைபோல் அணிவகுத்த மெல்லிய மேடுகளை ஸ்விட்சர்லாந்து கண் மருத்துவர் ஆல்ஃபிரட் வோக்ட் 1921இல் விவரித்தார். தமிழ்நாட்டினரைப் போன்று நிறமி மிகுந்த கண்ணுடையவர்களிடம், ஒளிப்பிளவு நுண்ணோக்கியில் அவை தவிட்டுநிறக் கோடுகளாக எளிதில் புலப்படுகின்றன. எனினும் அவற்றின் பணி என்னவென்பது அரை நூற்றாண்டுக் காலம் தெளிவாகவில்லை. 1971இல் நார்வே நாட்டின் டாவங்கர், எவென்சன் ஆகிய இருவரும், காயமுற்ற கருவிழி ஆறும்போது நிறமி தாங்கிய செல்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வருவதைக் கண்டு, படலம் புதுப்பிக்கப்படுவது அம்மேடுகளிலிருந்தே என்று முன்மொழிந்தனர். நிறமி இங்கே இயற்கையே இட்ட சாயமாகப் பயன்பட்டது கருதத்தக்கது. 1983இல் தாஃப்ட், ஃபிரெண்ட் ஆகியோர், அடியடுக்கில் நிகழும் பிரிவும் விளிம்பிலிருந்து வந்து சேரும் செல்களும் கூடினால் அத்தொகை மேற்பரப்பில் உதிரும் செல்களுக்குச் சமம் என்று இதனைச் சமன்பாடாக்கினர்.

உறுதியான சான்றுகள் நியூயார்க்கில் துங்-தியென் சன் குழுவினரிடமிருந்து வந்தன. கே3 என்னும் கெரட்டின் புரதம் கருவிழிச் செல் சிறப்படைந்துவிட்டதன் அடையாளம். அதனைக் கண்டறியும் எதிர்ப்பொருளைக் கொண்டு சோதித்தபோது, கருவிழியில் அடியடுக்கு உள்ளிட்ட எல்லா அடுக்குகளிலும் அப்புரதம் காணப்பட, விளிம்பின் அடியடுக்குச் செல்களில் மட்டும் அது இல்லை என்று 1986இல் அக்குழு வெளியிட்டது. விளிம்பின் அடிச்செல்கள், கருவிழியின் அடிச்செல்களைக் காட்டிலும் முந்திய, சிறப்படையாத நிலையில் உள்ளன என்பதே இதன் பொருள். மூன்றாண்டுகள் கழித்து அதே குழுவினர் எலிகளின் டி.என்.ஏ.வில் கதிரியக்கத் தைமிடினை ஏற்றிச் சில வாரங்கள் காத்திருந்தனர். அடிக்கடி பிரியும் செல்களில் ஒவ்வொரு பிரிவின்போதும் அக்குறி பாதியாகக் குறைந்து மறைந்துவிடும். அரிதாகவே பிரியும் செல்களில் மட்டும் அது நீடிக்கும். குறி நீடித்த செல்கள் விளிம்பின் அடியடுக்கில் மட்டுமே காணப்பட்டன. ஸ்டெம் செல் மெதுவாகப் பிரியக்கூடியது என்ற பண்பு, அதன் இருப்பிடத்தோடு இவ்வாறு பொருந்தியது. நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்று வயலில் நடப்படுவதுபோல், விளிம்பில் பிறந்த செல்கள் கருவிழிப் பரப்பில் பரவிச் சிறப்படைகின்றன என்ற கொள்கை 1989இல் ஏறத்தாழ நிலைபெற்றது.

இக்கண்டுபிடிப்பு அதுவரை விளங்காதிருந்த ஒரு தோல்விக்கு விளக்கம் தந்தது. அமிலத்தாலும், அதனினும் கொடிதாகத் திசுவினுள் ஊடுருவும் சுண்ணாம்பு போன்ற காரத்தாலும், வெடித் தீயாலும் கண் வெந்தவர்களுக்குத் தானமாகப் பெற்ற தெளிவான கருவிழியைப் பொருத்தினாலும், சில மாதங்களில் அது மங்கிவிடுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். விளிம்பு அழிந்த கண்ணில், பொருத்திய கருவிழியின் மேற்படலச் செல்கள் தேய்ந்தபின் அவற்றை ஈடுசெய்ய எதுவுமில்லை. வெற்றிடத்தை நோக்கி வெண்படலம் தன் நாளங்களோடு படர்ந்து ஒளியை மறைத்துவிடுகிறது. எனவே 1989இல் கென்யன், செங் ஆகியோர் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து விளிம்புத் துண்டை எடுத்துக் கெட்ட கண்ணில் ஒட்டும் அறுவையை வெளியிட்டனர். பலன் கிடைத்தது, ஆனால் பெரிய துண்டு எடுக்கப்பட்டதால் நல்ல கண்ணுக்கும் ஊறு நேருமோ என்ற அச்சம் தொடர்ந்தது.

வளர்ப்புத் தட்டும் எண்ணிக்கைச் சிக்கலும்

அவ்வச்சத்திற்கு மாற்று, தீக்காய ஆய்விலிருந்து வந்தது. மனிதத் தோலின் மேற்செல்களை, பெருகும் ஆற்றல் முடக்கப்பட்ட எலிச் செல்களின் துணையோடு ஆய்வகத் தட்டில் பெருக்கலாம் என்று 1975இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் காட்டினர். 1983இல் அமெரிக்காவில் உடற்பரப்பில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெந்த சகோதரச் சிறுவர் இருவர், அவர்களது எஞ்சிய சிறு தோலிலிருந்து வளர்க்கப்பட்ட படலங்களால் உயிர் பிழைத்தனர். பட்டாசுத் தொழில் நடைபெறும் பகுதியினர் கருதத்தக்க ஒரு வேறுபாடு இங்குண்டு. மேலோட்டமான தீக்காயம் ஒட்டுத் தோலின்றித் தானே ஆறுவது, மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பி நாளங்களிலும் எஞ்சியுள்ள ஸ்டெம் செல்கள் மேலேறி வந்து பரவுவதால்தான். ஆழ்ந்த தீக்காயத்தில் அவையும் அழிவதால், ஓரத்திலிருந்து மட்டுமே புதிய தோல் வர வேண்டியிருக்கிறது, பெரும் பரப்பாயின் அது போதுவதில்லை. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஏறத்தாழ நாற்பது பேரைப் பலிகொண்ட வெடிவிபத்து போன்றவற்றில் உயிர் தப்பியோரின் நீண்ட வேதனைக்கு உயிரியல் காரணம் இதுவே.

1997இல் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிகேலே தெ லூக்காவும், ஒன்றிரண்டு சதுர மில்லிமீட்டர் விளிம்புத் திசுவைக் கிரீனின் முறையில் படலமாக வளர்த்து இரு நோயாளிகளின் கண்ணில் பொருத்தினர். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் வீரேந்தர் சங்வானும் கீதா வேமுகண்டியும் 2001 முதல் மனிதப் பனிக்குடச் சவ்வின்மீது, எலிச் செல்களின் துணையின்றியே படலங்களை வளர்த்துப் பொருத்தினர். பத்தாண்டுகளில் 200 நோயாளிகளுள் 71 விழுக்காட்டினருக்கு வெற்றி கிடைத்ததை 2011இல் வெளியிட்டனர்.

எஞ்சிய 29 விழுக்காடு ஏன் தோற்றது? இக்கேள்வியே மதுரை ஆய்வின் முக்கியத்துவத்தை உணர்த்துகிறது. தட்டில் வளர்ந்த படலத்தைக் கண்ணால் பார்த்து, அதில் ஸ்டெம் செல்கள் உள்ளனவா அல்லது சில பிரிவுகளோடு ஓய்ந்துவிடும் செல்கள் மட்டுமே உள்ளனவா என்று கூற இயலாது. இரண்டு படலங்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பின்னதைப் பொருத்தினால் சில மாதங்களில் அது தேய்ந்து மறைந்துவிடும். தோல் போன்ற அடுக்குப் படலங்கள் உருவாகத் தேவையான பி63 என்னும் புரதம் ஸ்டெம் செல்லின் அடையாளம் என்று பெல்லெக்ரினி குழு 2001இல் முன்மொழிந்திருந்தது. ஆயினும், ஸ்டெம் செல் அல்லாத, அதன் அடுத்த நிலைச் செல்களிலும் அப்புரதம் காணப்பட்டதால், அதை மட்டும் நம்ப இயலவில்லை.

மதுரையின் இரட்டை அளவுகோல்

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு நிறுவனத்தில், ஸ்டெம் செல்களை அடையாளம் காணும் பணிக்குத் தலைமை தாங்கிய வி.ஆர். முத்துக்கருப்பன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆய்வை வளர்த்தவர். அவரது ஆய்வு வாழ்வே கண்ணின் செல் உயிரியலுடன் பின்னிப் பிணைந்தது. எலிக் கருவின் விழிக்குமிழ் அருகிலுள்ள புறப்படலத்தைத் தூண்டி வில்லையாக மாறச் செய்வதை, உடலுக்கு வெளியே வளர்ப்பு ஊடகத்தில் ஆராய்ந்து அவர் 1965இல் கட்டுரை வெளியிட்டார். ஒரு திசு அண்டைத் திசுவைச் சிறப்படையச் செய்வது எவ்வாறு என்ற கேள்வி அது. 1979இல் ராபர்ட் அவர்பாக்குடன் இணைந்து, எலியின் கருவிழியில் புதிய குருதி நாளங்கள் முளைப்பதைச் சயன்ஸ் இதழில் விவரித்தார். இயல்பாக நாளமற்ற கருவிழியில் நாளம் முளைத்தால் உடனே கண்ணுக்குத் தெரியும் என்பதால், புற்றுக்கட்டி நாளங்களை வரவழைக்கும் முறையை ஆராயக் கருவிழி ஏற்ற களமாயிற்று. சிறப்படைதலையும் கருவிழியையும் இவ்வாறு தனித்தனியே ஆராய்ந்தவர், பின்னாளில் இரண்டும் சந்திக்கும் விளிம்புக்கு வந்துசேர்ந்தார்.

பி. அர்பிதா, என்.வி. பிரஜ்னா, எம். சீனிவாசன் ஆகியோருடன் அவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஒரு மூலக்கூறைத் தேடும் வழக்கத்திலிருந்து விலகி, இரண்டு அளவுகளை ஒருசேரக் கொண்டது. மனிதத் தானக் கண்களின் விளிம்பிலிருந்து செல்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, பி63 புரதத்தோடு ஒளிரும் சாயம் பிணைக்கப்பட்டு, கன்ஃபோகல் நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாக நோக்கப்பட்டன. சிறப்படையாத செல் தனக்கெனத் தொழில் எதையும் ஏற்காததால் அதன் சைட்டோபிளாசம் குறைவு. உட்கருவே செல்லின் பெரும்பகுதியை அடைத்திருக்கும். சிறப்படையும்தோறும் செல் விரிந்து, சைட்டோபிளாசத்தின் பங்கு கூடுகிறது. ஆகவே உட்கருவின் பரப்புக்கும் சைட்டோபிளாசத்தின் பரப்புக்கும் உள்ள விகிதத்தை ஓர் அளவாகவும், பி63 ஒளிர்வின் செறிவை மற்றோர் அளவாகவும் கொண்டு வரைபடமிட்டபோது, இரண்டும் உயர்ந்து நிற்கும் ஒரு சிறு செல் கூட்டம் பிரிந்து தெரிந்தது. விளிம்புச் செல்களில் காணப்பட்ட அக்கூட்டம் நடுக்கருவிழிச் செல்களில் இல்லை. அதே செல்கள் மெதுவாகப் பிரியும் பண்பும் உடையவை என்று 2008இல் அக்குழுவினரே காட்டியதன்மூலம், 1989இல் எலியில் கண்டது மனிதக் கண்ணிலும் பொருந்தியது.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. புதிய மரபணு எதையும் அது கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற விடையை ‘எவ்வளவு இருக்கிறது’ என்ற விடையாக மாற்றியது. அதன் தேவை எத்தகையது என்பதை 2010இல் இத்தாலியக் குழு தனது 112 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோது உலகம் உணர்ந்தது. வளர்த்த படலத்தில் பி63 மிகுதியாக ஒளிரும் செல்கள் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தபோது 78 விழுக்காட்டினருக்கும், 3 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்தபோது 11 விழுக்காட்டினருக்கு மட்டுமே பலன் கிடைத்திருந்தது. மொத்தம் எத்தனை செல்கள் என்பதைவிட, அவற்றுள் எத்தனை ஸ்டெம் செல்கள் என்பதே பார்வையைத் தீர்மானிக்கிறது. ஸ்டெம் செல் என்ற பெயரை மட்டும் காட்டி, எண்ணிக்கையோ அடையாளமோ கூறாமல் சிகிச்சை விற்கும் விளம்பரங்களை மதிப்பிடுவதற்கு இதனினும் நல்ல உரைகல் இல்லை.

இரு கண்களின் விளிம்பும் அழிந்தவர்களுக்குத் தமது கண்ணிலிருந்து எடுக்க ஏதுமில்லை. கன்னத்தின் உட்புறப் படலத்திலும் அதே இரட்டை அளவுகோலால் ஸ்டெம் செல்களை அடையாளம் கண்டு, அவற்றைப் பெருக்கிக் கண்ணில் பொருத்திய ஆய்வை மதுரைக் குழு 2011இல் வெளியிட்டது. பின்னர், கண்ணின் உள்நீர் வெளியேறும் வடிகட்டித் திசுவின் ஸ்டெம் செல்களையும் அதே நிறுவனத்தினர் அடையாளம் கண்டு, முதுமையில் அவை குறைவதை 2019இல் அறிவித்தனர். கண்ணழுத்த நோயின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள இது பயன்படக்கூடும்.

எளிய அறுவையும் தண்ணீரும்

வளர்ப்பு ஆய்வகம் பெருஞ்செலவு பிடிப்பது. ஐரோப்பாவில் 2015இல் உரிமம் பெற்ற விளிம்புச் செல் மருந்து ஏழை நாட்டு நோயாளிக்கு எட்டாதது. இதற்கு மாற்றாகச் சங்வான் குழு 2012இல் வெளியிட்ட எளிய முறையில், நல்ல கண்ணிலிருந்து 2 மில்லிமீட்டர் நீள அகலமுள்ள துண்டு எடுக்கப்பட்டு, எட்டு முதல் பத்துத் துணுக்குகளாக நறுக்கப்பட்டு, புண்பட்ட கண்ணில் விரிக்கப்பட்ட பனிக்குடச் சவ்வின்மீது ஃபைப்ரின் பசையால் ஒட்டப்படுகிறது. ஆய்வகத் தட்டின் வேலையைக் கண்ணே செய்கிறது. 2016இல் வெளியான 125 நோயாளிகளின் ஆய்வில் 76 விழுக்காடு வெற்றி பதிவாயிற்று. ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்துவதற்கு இது குறைந்ததன்று என்பதே அம்முடிவின் சிறப்பு.

ஆயினும் இம்முறைகள் அனைத்தும் நல்ல கண் ஒன்று எஞ்சியிருப்பதையோ, குறைந்தது கன்னப் படலத்தையோ நம்பியிருப்பவை; இயற்கை அமைத்த விளிம்புக்கு அவை முழு ஈடாகா. ஆகவே விளிம்பை இழக்காமல் காப்பதே முதல் தேவை. பட்டாசு ஆலைகளில் அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் கலக்கும் அறையில் ஈரம் ஆபத்தானது என்பதால் தண்ணீர் அறைக்கு வெளியேதான் இருக்க முடியும். அந்தத் தொலைவு எத்தனை அடி என்பது, மருந்து தெறித்த கண்ணின் விளிம்புச் செல்களுக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி. காரப்பொருள் திசுவினுள் ஊடுருவ நிமிடங்களே போதும் என்பதால், உடனே இமையைத் திறந்து பிடித்து, தூய நீரால் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் இடைவிடாது கழுவிய பின்னரே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வெடி தாக்கிக் கண் கிழிந்ததாகத் தோன்றினால் மட்டும் அழுத்தாமல், தேய்க்காமல், கண்ணை மூடிக் காத்து உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஆமத்தூர், சிவகாசி, சாத்தூர் பகுதிகளின் ஒவ்வொரு பட்டாசு ஆலையிலும் கலவை அறையிலிருந்து சில அடித் தொலைவில் கண் கழுவும் குழாயும், மருந்து கையாளுவோர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் அமைவதை ஆலை உரிமையாளர்களும் ஆய்வு அலுவலர்களும் தொழிற்சங்கங்களும் உறுதிசெய்ய வேண்டும்.